பாதி விலை மாத்திரை

மருந்துக்கடை வேலையில் பாதி நேரம் மருந்தை எடுத்துக் கொடுப்பதில் போகும். மீதி நேரம், விலையைக் கேட்டதும் அவர்கள் வேண்டாம் என்பதைத் திரும்ப அலமாரியில் வைப்பதில் போகும். நீங்களும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று வயிறு எரிந்தவர்கள்தானே? சேலத்துக்குப் பக்கத்தில் இளம்பிள்ளை ஊரில் இந்தப் பக்கம் நின்று எரிகிறவள் நான். எனக்குக் கோபமும் சட்டென்று வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய பாட்டில்

நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சலோடு ஒரு பெரியவர் டாக்டர் சீட்டை நீட்டினார். விலையைச் சொன்னதும் முகம் சுண்டிப்போனது. "இதுல ஒண்ணை எடுத்துடுங்க" என்றார். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். டானிக்கை விட்டுவிடலாம், மாத்திரையை மட்டும் விடவே கூடாது என்றார் அவர். அதையே பெரியவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவரோ இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மாத்திரையை என் பக்கம் தள்ளினார்.

"இது துளியூண்டு இருக்குது, இதுக்குப் போயி இந்த வெலையா? பாட்டில் பெருசா இருக்குதுங்க அம்மிணி, அது இருக்கட்டும்."

ஒரு நாள் விட்டு ஒரு நாள்

பெரியவரிடம் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாத்திரையைக் கொடுத்தனுப்பினேன். சரசக்காவிடம் அந்த வேலையெல்லாம் நடக்காது. ரெண்டு தெரு தள்ளி வீட்டோடு விசைத்தறி போட்டு, அவரும் வீட்டுக்காரர் பழனிசாமி அண்ணனும் சேலை நெய்கிறார்கள். அக்காவுக்குச் சர்க்கரை. ஒரு மாதத்துக்கு வாங்கிப்போகும் மாத்திரை ரெண்டு மாதம் வருகிறதே, எப்படி என்று துருவியதில் விஷயம் வெளியே வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாராம்!

"ஏனுங்க்கா, சக்கரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாங்க வருது?" என்று கத்தினேன். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப் போட்டவர்களின் கால் புண்ணை நான் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் பேசி, அதே மருந்தை வேறு கம்பெனி பெயரில் பாதி விலைக்கு எழுதி வாங்கினேன். "பேருதான் வேறங்க்கா, மருந்து அதேதான். காலையில ஒண்ணு, தெனமும்" என்று கையில் வைத்தேன். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெலையப் பாத்தா மருந்து மாதிரியே இல்லையே அம்மிணி."

தறிச் சத்தம்

அந்த வாரமே ஒரு காலையில் பழனிசாமி அண்ணன் மொபெட்டில் வந்து நின்றார். "தைலம் ஒண்ணு குடுங்க அம்மிணி. சரசுக்குக் கைகால் நடுங்குது, வேர்த்து ஊத்துது. சேலை குடுக்கோணும்னு சோறுகூட உங்கல. சித்த கண்ண மூடிப் படுன்னு சொல்லிப்போட்டு வாரேன்."

வெறும் வயிற்றில் மாத்திரை! சர்க்கரை இறங்கிவிட்டது. இந்த நேரத்தில் கண்ணை மூடவிட்டால் ஆள் எழுந்திருப்பாரோ மாட்டாரோ. "போன் போடுங்கண்ணா!" என்றேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "தறி ஓடுதுல்ல, கேக்காதுங்க" என்றார். தறியை நிறுத்தவில்லையாம்! முதலாளியைக் கவுண்டரில் நிற்கச் சொல்லிவிட்டு, குளுக்கோஸ் பொட்டலத்தோடு மொபெட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

தறிக்குப் பக்கத்தில் சுவரோரம் அக்கா சாய்ந்து கிடந்தார், தலை தொங்கிப்போய். கூப்பிட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெயின் சுவிட்சைப் பிடித்து இழுத்தேன். தறி நின்றது. "சரசக்கா!" என்று கன்னத்தைத் தட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் தட்டினேன். பாதிக் கண் திறந்து "ம்ம்" என்றார். விழுங்க முடிகிறதா என்று ஒரு மடக்கு தண்ணீரில் பார்த்துவிட்டு, குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை நடுக்கம் நின்றது. அக்கா நிமிர்ந்து கேட்ட முதல் கேள்வி, "கரண்டு போயிருச்சா?" எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ரெண்டுங்க. நூலு மெலிசா இருந்தா ரெட்டை இழை சேத்துத்தான ஓட்டறோம்? பாதி வெலை மாத்திரை ஒண்ணு மட்டும் எப்படிப் பத்தும்?"

அதே சேலை

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள்தான் விட்டார்கள். அங்கிருந்து அக்காவோடு நேராகக் கடைக்கு வந்த அண்ணன், மிச்சமிருந்த அட்டைகளைக் கவுண்டரில் போட்டார். "இந்த எழவு வேண்டாமுங்க, பழசே குடுங்க." பழசு என்றால் பழைய விலை, பழைய விலை என்றால் மறுபடியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அது எனக்கும் தெரியும், தலையைக் குனிந்துகொண்டு நின்ற அக்காவுக்கும் தெரியும். கம்பெனி, விளம்பரம், கமிஷன் என்று என்னென்னவோ விளக்கிப் பார்த்தேன். அண்ணன் அட்டைகளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க்கா, உங்க சேலைய உங்க ஊட்டுல வந்து வாங்குனா ஒரு வெலை. அதையே சேலத்துல ஏசி போட்ட கடையில வாங்குனா?" "ரெண்டு மடங்கு வெப்பாங்க" என்றார் அக்கா. "அப்ப உங்க ஊட்டுல வாங்குனவங்க ரெண்டு சேலைய ஒண்ணு மேல ஒண்ணாவா கட்டிக்கறாங்க?" அக்கா என்னைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், கவுண்டரில் கிடந்த அட்டைகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அட, இது நம்ம சேலைக் கதைதானா! அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தா நான் எதுக்கு அம்மிணி ரெண்டு முழுங்கறேன்?"

அன்று முதல் பாதி விலை மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் கூடவே ஒரு சேலைக் கதையும் விற்றுக்கொண்டிருக்கிறேன், முதலாளி அதற்குத் தனியாகச் சம்பளம் தருவதாகத்தான் காணோம்.