கார்டில் கண்ணுக்குத் தெரியாத பாதி

ஐந்து மாதம் நான் என் கூடப்பிறந்த நானாவோடு கதைக்கவில்லை. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, கிணறு ஒன்று. அவர் தண்ணீர் அள்ள வந்தால் நான் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். "சின்னவள ரெண்டாந்தரமா மவ்த்தாக்கிட்டார்."

சின்னவள் இறந்துபோன எங்கள் தங்கை. சிறுநீரகம் இரண்டும் போய், கிழமைக்கு இரண்டு தரம் குறிஞ்சிப்பிட்டியிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தப்படுத்திக்கொண்டு வருவாள். நான்கு மணித்தியாலம் கட்டிலில் கிடக்க வேண்டும். நேரம் போகட்டும் என்று நானாதான் டவுன் போன் கடையில் ஒரு கையடக்க விளையாட்டு மிஷின் வாங்கிக் கொடுத்தார். யாரோ பாவித்தது, கடைக்காரர் உள்ளே கைவைத்து மாற்றியது. எல்லா விளையாட்டும் ஒரு சின்னக் கார்டில் இருந்தது.

அவள் விளையாடியது ஒன்றே ஒன்று, தோட்டம் செய்கிற விளையாட்டு. இரண்டு வருடம் செய்தாள். எழும்பவே மாட்டாத மாட்டுக்கு நானாவின் பெயர். கிட்டப் போகிறவர்களையெல்லாம் கொத்துகிற கோழிக்கு என் பெயர். கட்டிலில் கிடந்தபடி, "ராத்தா, உங்களுக்கு இண்டைக்கும் தீனி போட்டுட்டேன்" என்று எனக்குப் போன் எடுத்துச் சொல்வாள்.

அவள் போன பிறகு அஸர் தொழுதுவிட்டு ஒவ்வொரு நாளும் நான் அதைத் திறப்பேன். கோழிக்குத் தீனி போட்டுவிட்டு மூடிவிடுவேன். அவள் நட்ட எதையும் நான் பிடுங்கவில்லை. அவள் கைபட்டதில் இன்னும் உயிரோடிருந்தது அந்தத் தோட்டம் மட்டும்தான்.

நாற்பதாம் நாள் ஓதலுக்கு முதல் நாள் நானா அதை எடுத்துக்கொண்டு போனார். மவ்த்தானவர்களின் போனிலிருக்கும் பாட்டு, படம், முகநூல் எல்லாவற்றையும் வீட்டார் அழித்துவிடுவது எங்கள் பக்கத்தில் இப்போது வழக்கம். விட்டுவைத்தால் அதன் பாவம் கபுர்க்குழி வரைக்கும் போய்க்கொண்டிருக்கும் என்று பயம். சின்னவளின் போனை அழித்தபோது நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மனுசன் அத்தோடு நின்றாரா? தன் மகளின் கொம்பியூட்டரில் இந்தக் கார்டையும் போட்டு, கண்ணில் பட்டதெல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்து நின்றார்.

"அவட கபுர்ல பாரம் வேணாம் புள்ள."

"கோழிக்குத் தீனி போட்டது பாவமா? ஆர்ட்டக் கேட்டுத் தொட்டீங்க? நீங்களும் ஒரு மனுசனா?"

பக்கத்து வளவுக்காரர்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. நானா தலையைக் குனிந்துகொண்டு போனார்.

மிஷினின் பொத்தானை அமத்தினேன். கார்டில் பைல் இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது. போய் அவர் மகளிடமிருந்து அந்தக் கொம்பியூட்டரைப் பறித்துக்கொண்டு வந்து, கார்டை நானே போட்டுப் பார்த்தேன். ஒரு கார்டு இரண்டாகக் காட்டியது. ஒன்று வெறுமை. மற்றதைத் திறக்கப் போனால், பாவிக்க வேண்டுமென்றால் ஃபோர்மட் பண்ண வேண்டும், பண்ணவா என்று கேட்டது. பார், கார்டையே பழுதாக்கி வைத்திருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்று அமத்தினேன். அவசரமாகச் செய்யவா என்று ஒரு சரியடையாளம் இருந்தது. செய்கிறதை ஒழுங்காகச் செய்வோம் என்று அதையும் எடுத்துவிட்டேன். சோறு வேகிற நேரம் ஓடியது. அது முடிந்த பிறகும் மிஷின் எழும்பவில்லை.

போன கிழமை அதை டவுனுக்குக் கொண்டுபோனேன். புதிதாக விளையாட்டுப் போட்டு, அதே வார்டில் கிடக்கிற யாருக்காவது கொடுக்கலாம் என்று. கடைக்காரர் கார்டைப் போட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ராத்தா, இதுட பின்பாதிய ஆரு ஃபோர்மட் பண்ணின?"

"என்ன பின்பாதி?"

"இந்தக் கார்ட ரெண்டாப் பிரிச்சுத்தான் குடுத்தன். முன்பாதி கொம்பியூட்டருக்கு விளங்கும். மிஷின எழுப்புற பைல் அதுலதான். பின்பாதில மிஷின்ட உள்பக்கம் முழுக்க அப்படியே எடுத்த ஒரு கொப்பி இருக்கும். விளையாடினதெல்லாம் அதுலதான் சேவ் ஆகும். கொம்பியூட்டருக்கு அது விளங்காது. அதான் ஃபோர்மட் பண்ணவாண்டு கேக்கும். ஓம் குடுக்கப்படா."

"முன்பாதி அழிஞ்சா?"

"அது பத்து நிமிஷ வேல. திரும்பப் போட்டா எல்லாம் அப்படியே வரும்."

நானா அழித்தது முன்பாதியை.

"அவசர ஃபோர்மட்டா இருந்தாலும் என்னமாச்சும் தேடிப் பாத்திருக்கலாம்," என்றார் கடைக்காரர். "இது ஆரோ இருந்து முழுசாத் தொடச்சிருக்காங்க."

"இதெல்லாம் வாங்கக்குள்ளயே சொல்ல மாட்டீங்களா?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"கடைக்கு வந்த சின்ன ராத்தாக்கிட்ட சொன்னேனே," என்றார் பாவம்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்துகொண்டு எல்லோரையும் ஏசினேன். கேள்வி கேட்ட கொம்பியூட்டரை ஏசினேன். எனக்குச் சொல்லாமல் போன சின்னவளைக்கூட ஏசினேன். கடைசியில் ஏசுவதற்கு என் விரல் மட்டும்தான் மிஞ்சியது.

நானா கிணற்றடியில் நின்றார். இந்த முறை நான் உள்ளே போகவில்லை. நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் அப்படியே கிணற்றுக்கட்டில் குந்திவிட்டார்.

"அப்ப சின்னவட தோட்டத்த நான் அழிக்கல்லியா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று உடுத்திருந்த சாரத்தால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் அழிச்சிருக்கன். ஒங்களுக்கு அல்ஹம்துலில்லாஹ்வா?" என்று அதே வளவில், அதே சத்தத்தில் கத்தினேன்.

அவர் எழும்பி, தண்ணீர் அள்ளி, என் குடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போனார். ஐந்து மாதமாக நான் ஏசியதில் ஒரு சொல்லையாவது அந்த மனுசன் எனக்குத் திருப்பித் தந்திருக்கலாம்.