ஹைட்ரஜன் தண்ணீரும் என் ஈரலும்

எனக்குச் சர்க்கரை உண்டு, ஈரலில் கொழுப்பும் உண்டு. நான் குடியிருக்கும் பாக்கார் ஆராங் தாமானில் பக்கத்து வீட்டுச் சாந்தி ஹைட்ரஜன் தண்ணீர் மெஷின் விற்கிறாள்.

"அத்தை, இத குடிங்க. குடல்ல நல்ல கிருமி வளரும், ஈரல் கொழுப்பு கரைஞ்சிரும். மாத்திரையெல்லாம் வேணாம் லா!"

நம்பி மாத்திரையை நிறுத்தினேன். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கெட்டிப்பால் ஊற்றித் தேத்தண்ணியாகவே குடித்தேன். ஒருநாள் பசாரில் காய்கறி வாங்கும்போது மயங்கி விழுந்தேன்.

"அந்தத் தண்ணியப் பத்தின ஆராய்ச்சியே இன்னும் முடியல பாட்டி, மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னா?" என்று டாக்டர் திட்டினார். சர்க்கரை எகிறியிருந்தது, கொழுப்பும் கூடியிருந்தது.

சாந்தியைப் பிடித்தேன். "கொதிக்க வச்சா வாயு போயிரும் அத்தை" என்றாள் கூசாமல்.

"வாயு போனா போகுது, என் உசுரு போயிருந்தா? சாவு வீட்டுலயும் மெஷினத்தானே வித்திருப்பே!"

இப்போது மாத்திரையை விடுவதில்லை. தேத்தண்ணியில் பாலுமில்லை, சீனியுமில்லை. யாராவது மருந்து விற்க வந்தால், "வாம்மா, டாக்டர்கிட்டயே சொல்லு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். இதுவரை ஒருத்தியும் என்னோடு வந்ததில்லை.