சீர்வண்டியில் வந்த பீங்கான்

என் திரட்டிச் சீரில், மேளதாளத்தோடு ஒரு கக்கூஸ் பீங்கான் வந்தது. நான் பெரியவளானதற்குத் தாய்மாமன் கொண்டுவந்த சீர் அது. இதை நான் எந்தச் சபையிலும் மறைத்ததில்லை. மறைக்கச் சொன்ன உறவுக்காரர்களிடம், இன்று காலையில் நீங்கள் எங்கே போனீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கழிப்பறை பற்றிய சுற்றறிக்கை, படிவம், ஆய்வுக் குறிப்பு என்று எத்தனையோ காகிதங்கள் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட என் மாமனின் மாட்டுவண்டி செய்ததைச் செய்யவில்லை.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம். கடலைக்காடும் பனைமரமுமாக இருந்த அந்த ஊரில் பெண்களுக்கு இட்டேரிதான் கழிப்பிடம். இரண்டு பக்கமும் கள்ளிவேலி போட்ட வண்டிப்பாதை அது. விடிவதற்கு முன்னால் ஒருமுறை, இருட்டியபின் ஒருமுறை. நடுவில் இருக்கும் பகல் முழுவதும் ஆண்களுக்கு. பகலில் தண்ணீர்ச் சொம்பைத் தொடப் பெண்கள் யோசிப்பார்கள். அவர்கள் எந்த வேலியோரமும் எந்த நேரமும் உட்காரலாம். அதற்கு யாரும் எந்த விதியும் எழுதி வைக்கவில்லை. எழுதாத விதிகளைத்தான் எங்கள் ஊரில் யாரும் மீறுவதில்லை.

எழுபதுகளின் நடுவில், பிளாக் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். வீட்டுக்கு ஒரு சிமெண்டுப் பலகையும் ஒரு பீங்கானும் இலவசம் என்றார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறவர் பெரியப்பா. இலவசம் என்றதும் இதற்கும் போட்டார். எங்கே பதிப்பது என்று பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி, வாசலுக்கு முன்னால், ரோட்டோரமாக, குடையை ஊன்றி நின்றார். "இவிடெ மதி. ஜீப்பில் இருந்நு காணாம்." இங்கேயே போதும், ஜீப்பிலிருந்தே பார்க்கலாமாம். இறங்காமலே பார்த்து எண்ணிக்கொண்டு போவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்பதை, பிற்காலத்தில் அதே ஜீப்பில் உட்கார்ந்து போன நான் ஒப்புக்கொள்கிறேன். ஊர் முழுக்கப் போய்வரும் பாதையில் எந்தப் பெண் போய் உட்காருவாள் என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

குழி வெட்டுவதும் மறைப்புக் கட்டுவதும் பயனாளியின் பொறுப்பு. பெரியப்பா அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. பலகையை இருந்த இடத்தில் விட்டுவிட்டுப் பீங்கானை மட்டும் மாட்டுக் கட்டுத்தரைக்குக் கொண்டுபோனார். அதில் பருத்திக்கொட்டை ஊறவைத்தார்கள். கன்றுக்குட்டி அதில் தவிடு தின்றது. அடுத்த தடவை வந்த அதிகாரி ஜீப்பிலிருந்தபடியே பலகையைப் பார்த்தார், ஓர் இளநீர் குடித்தார், போனார். நடைமுறையில் எந்தப் பிழையும் இல்லை.

நான் பெரியவளானேன். பச்சை ஓலையில் குச்சு கட்டி, வீட்டு வளவின் ஓரத்தில் என்னை உட்காரவைத்தார்கள். அன்று மாலை அம்மா எருமையிடம் பேசினாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. அதனால் அவருக்குச் சொல்லவேண்டியதை எல்லாம் அவர் காதில் விழும்படி எருமையிடம் சொல்வாள்.

"நாளைக்கு இந்தப் புள்ளையும் இட்டேரியில போயி உக்காரோணுமா, லட்சுமி? எவனாச்சும் சைக்கிள்ல வந்தா வெடுக்குனு எந்திரிச்சு நின்னு, அவன் போற வரைக்கும் வானத்தப் பாத்துட்டு இருக்கோணுமா? ஊட்டுக்குப் பொறத்தால ஒரு குழி வெட்டுனா என்ன கொறஞ்சு போகுது?"

பெரியப்பா காளையைத் தடவிக்கொண்டே பதில் சொன்னார். "வளவுக்குள்ள அந்த அசிங்கம் ஆகாது. எங்கம்மா எல்லாம் எங்க போனாங்களாம்?"

"எங்க மாமியாளப் பாம்பு புடுங்குனது எந்த இட்டேரியிலன்னு கேக்கோணும்னு இருந்தேன், லட்சுமி."

பெரியப்பா எழுந்து போய்விட்டார். அப்பா அங்கேதான் இருந்தார். ஆனால் மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட அண்ணனைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறவர் அவர். அம்மா கையைக் கழுவிக்கொண்டு, பொள்ளாச்சிப் பக்கம் போகும் பால்காரரிடம் தன் தம்பிக்கு ஏதோ சேதி சொல்லியனுப்பினாள். என்ன சேதி என்று குச்சுக்குள் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

அம்மாவின் தம்பிக்குக் கிணற்று உறை வார்க்கிற தொழில். பொள்ளாச்சி ரோட்டில் அவருடைய களம். வட்டவட்டமாகச் சிமெண்டு உறைகள் காய்ந்துகொண்டிருக்கும். ஒரு மூலையில் யாரும் வாங்காத பீங்கான்கள் தூசி படிந்து கிடக்கும். வாயாடி மனிதர். சீர் கொண்டுவர அவருக்கு ஒரு மாட்டுவண்டி போதும். மூன்று வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்களாம். தேங்காய், வெல்லம், பட்டுச் சேலை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்த குமாஸ்தா, கடைசி வண்டியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்த வெள்ளைப் பீங்கானைக் கண்டு திகைத்து, இது எந்தா என்று கேட்டிருக்கிறார். "தாய்மாமன் மரியாதைங்க" என்றாராம் மாமன். மரியாதைக்கு வரி போட அவருடைய பட்டியலில் வழியில்லை. விட்டுவிட்டார். இதை மாமன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டிகள் வாசலில் வந்து நின்றபோது மேளம் உச்சத்தில் இருந்தது. சீர்த்தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கடைசியில் மாமன் தானே அந்தப் பீங்கானைத் தலையில் சுமந்துகொண்டு நடந்துவந்தார். மேளக்காரர் ஒரு நொடி அடியைத் தவறவிட்டார். ஓலை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் பள்ளித் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைக் கண்டேன். அந்தக் குச்சுக்குள்ளேயே செத்துப்போனால் நல்லது என்று நினைத்தேன். மாமன் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நம்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கேட்டாள். "ஏனுங்க, இது பூசைச் சாமானா, சமையல் சாமானா?"

"உக்கார்ற சாமானுங்க அம்மிணி. சைக்கிள் வர்றப்பல்லாம் எந்திரிச்சு நின்னு உங்களுக்குக் கால் வலிக்கலீங்களா?"

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தினார்கள்.

பெரியப்பா படியில் நின்று குறுக்கே கையை நீட்டினார். "மாப்ள, மத்ததை எல்லாம் உள்ள கொண்டாங்க. அதை மட்டும் வண்டியில ஏத்துங்க."

"ஆகாதுங்க மச்சான்," என்றார் மாமன், தலைச்சுமையை இறக்காமல். "சீர்னா ஒண்ணுதானுங்க. ஒண்ணைத் திருப்புனா அத்தனையும் திருப்புனதுதான். மாலையும் என்ற கையிலதான் இருக்குதுங்க. அதையும் எடுத்துட்டுப் போயர்றேன்."

தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணைக் குச்சிலிருந்து வெளியே கூப்பிட முடியாது. பந்தலில் இலை போட்டாகிவிட்டது. ஒறம்பரையாக வந்த சொந்தபந்தம் அத்தனை பேரும் பெரியப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீரைத் திருப்பினால் அம்மாவின் பிறந்த வீட்டையே திருப்பியனுப்பியதாக அர்த்தம். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கும் எந்தச் சாவுக்கும் அந்தப் பக்கத்துக் கால் இங்கே படாது. அரசாங்கம் கொடுத்ததைக் கட்டுத்தரையில் போட அவருக்கு அதிகாரம் இருந்தது. இதன்மேல் இல்லை. சீர்ப்பொருள் பெண்ணுடையது.

அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம்பியின் தலையிலிருந்த பீங்கானை இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், குழந்தையை வைப்பதுபோல. எருமையைத் தேடவில்லை. பெரியப்பாவின் கண்ணைப் பார்த்தாள்.

"வாங்கியாச்சுங்க. வழி விடுங்க."

பெரியப்பாவின் கை தானாக இறங்கியது. அப்பா, யார் முகத்தையும் பார்க்காமல், மேளக்காரரிடம் "அடியப்பா" என்றார். அவர் வாழ்நாளில் தானாக எடுத்த முடிவாக எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மாமன் எனக்கு மாலை போட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலேயே பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால், அம்மா காலால் கோடு கிழித்துக் காட்டிய இடத்தில் குழி வெட்ட ஆரம்பித்தார். கிணற்றிலிருந்து எத்தனை தூரம் என்பதை அவரே நடந்து அளந்தார். நான் பிற்காலத்தில் படித்த விதிமுறைக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. இரண்டு உறையை இறக்கி, மேலே பலகை போட்டு, சீர்ப் பீங்கானைப் பதித்து, சுற்றிலும் தட்டி கட்டி, தகரக் கதவு வைத்தார். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பீங்கானைப் பார்க்கவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். சும்மா கொடுத்ததை மூலையில் போட்ட ஊர் அது. அடுத்த தையிலிருந்து, காசு கொடுத்து, அவரவர் சொன்ன மூலையில், அவரவர் கேட்ட கதவோடு மாமனிடம் வாங்கியது. களத்து மூலையில் கிடந்த பீங்கான் தீர்ந்து, கோயமுத்தூரிலிருந்து புதிதாக வரவழைத்தார். நான் வேலையிலிருந்த காலத்தில், மக்களைப் பயனாளிகளாக அல்ல, வாடிக்கையாளர்களாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லித்தர நகரத்திலிருந்து நிபுணர்கள் வருவார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன்.

அந்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 'பீங்கான் சீர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மாமனோடு நான் ஒரு வருடம் பேசவில்லை. பால்காரரிடம் அம்மா சொல்லியனுப்பிய சேதியே அந்தப் பீங்கான்தான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

கதவு வைத்து முடித்த அன்று மத்தியானம் எல்லாருக்கும் பந்தி போட்டோம். கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்ட அம்மா, பெரிய சொம்பு நிறைய நீர்மோரை எடுத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு சொம்பு கொண்டுவரச் சொல்லி அதையும் குடித்தாள். பட்டப்பகலில் அம்மா அப்படிக் குடித்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. அன்றைக்கு வெயில் கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டேன்.