கோமதி அக்காவின் முள்ளங்கிப் பாத்தி

எங்கள் செக்ஷனில் இருக்கும் ஒரே தொலைபேசி அதிகாரியின் மேசையில் இருக்கிறது. அதில் எனக்கு அழைப்பு வந்து நல்ல செய்தி கேட்டதாக நினைவில்லை. போன வாரமும் அப்படித்தான். மயூர் விஹாரிலிருந்து, பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் கோமதி அக்காவின் மகன் பேசினான். “சித்தி, அம்மா காலையில போயிட்டாங்க.” ரிசீவரை வைத்துவிட்டு வந்து, பாதியில் நின்ற பக்கத்தை டைப் அடித்து முடித்தேன். அழக்கூடத் தெம்பில்லை. இந்த வயதில் ஒருவர் மாற்றி ஒருவர் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

தமிழ்ச் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று. கோமதி அக்கா திருநெல்வேலிக்காரர். கணவர் டில்லியில் எங்கள் அலுவலகத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, அதே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கொடுத்தார்கள். இந்தி நாலு வார்த்தைக்கு மேல் ஏறவில்லை. அதனால் கேன்டீன்காரரிலிருந்து அதிகாரி வரை எல்லாரிடமும் தமிழிலேயே பேசுவார், அதுவும் உரத்த குரலில். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவரும் சிரிப்பார்.

எமர்ஜென்சிக் காலத்தில் என் பொறுப்பில் இருந்த அலமாரியிலிருந்து ஒரு கோப்பு காணாமல் போனது. விசாரணை வைத்தார்கள். அன்றிலிருந்து என்னோடு ஒருவரும் பேசவில்லை. யாரைக் குற்றம் சொல்வது, எல்லாருக்கும் பயம். நாங்கள் குடியிருந்த கிட்வாய் நகரிலிருந்து தினமும் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைக்கும் பிம்லாவே வேறு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். நான் டிபன் டப்பாவைத் திறந்தால் அந்த மேசை காலியாகிவிடும். வேலையை விட்டுவிடுவதென்று முடிவு செய்தேன். குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருந்தது. கணவருக்கு நிலையான வேலை இல்லை. வேலையை விட்டால் எங்கே போய் இருப்போம் என்பதைக்கூட யோசிக்க முடியாத அளவுக்கு ஓய்ந்துபோயிருந்தேன்.

அப்போதுதான் கோமதி அக்கா வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். “ஏட்டி வசந்தா, மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு இருக்கதுக்கு அந்த மண்ணையாவது கொத்தலாம், வா.”

மண் என்றால் கட்டடத்தின் பின்பக்கம். உடைந்த கூலர்களும் காலில்லாத நாற்காலிகளும் குவிந்து கிடந்த இடம். அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு நாங்கள் இருவரும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் கொத்தினோம். யார் அனுமதி கொடுத்தது என்று அதிகாரி ஒருவர் கேட்க வந்தார். அக்கா தமிழில் விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடிவதாகத் தெரியவில்லை, அதிகாரி போய்விட்டார்.

ஐப்பசி பிறந்ததும் அக்கா வெண்டையும் கத்திரியும் விதைத்தார். அவர் ஊரில் அப்போது மழை வரும். டில்லியில் வந்தது குளிர். முளைத்ததெல்லாம் பனியில் கருகிக் கிடந்தது. முன்பக்கப் புல்தரையில் வெயில் காய்ந்தபடி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த பெண்களுக்குச் செய்தி எட்டியது. மிஸஸ் கோலி முதலில் வந்தார், சிரிப்பதற்காகத்தான். “அரே கோமதி ஜி, சர்தி மே பிண்டி?” குளிர்காலத்தில் யாராவது வெண்டை போடுவார்களா என்று அவருக்கு ஒரே சிரிப்பு. மறுநாள் அவரே முள்ளங்கி விதையும் கொத்தமல்லியும் கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். கேன்டீனின் தேயிலைச் சக்கையும் டிபன் டப்பா கழுவிய தண்ணீரும் பாத்திக்கு வந்தன. ஆனாலும் என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடும்.

முள்ளங்கி திரண்டபோது அக்கா ஒரு சட்டம் போட்டார். யாரும் தானாகப் பிடுங்கக் கூடாது. யார் வந்து கேட்டாலும் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் “வசந்தா ஸே பூச்சோ” என்பார். வசந்தாவைக் கேள் என்று அர்த்தம்.

பிம்லா வந்தாள். வெகுநேரம் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைத் தூக்காமலே என் பெயரைச் சொல்லி ஒரு முள்ளங்கி கேட்டாள். பிடுங்கிக் கழுவிக் கொடுத்தேன். அவள் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, உப்புத் தொட்டுக் கடித்துக்கொண்டு, தன் மாமியாரைப் பற்றிக் குறைசொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் வேலையை விடவில்லை.

கோப்பு பின்னால் வேறோர் அதிகாரியின் வீட்டில் கிடைத்தது. யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. தோட்டம் வளர்ந்து அறைக்கு ஒரு பாத்தி ஆயிற்று. மண்ணைக் கிளறிவிட்டு வந்தால் தலைவலி வருவதில்லை என்று எங்கள் அதிகாரியே சொல்லும் நிலைக்கு வந்தது. அக்கா ஓய்வு பெற்ற பின் களை பிடுங்க ஆள் குறைந்தது. எனக்கும் குனிந்தால் நிமிர முடிவதில்லை.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது, இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்: “எனக்காகத்தானே அக்கா தோட்டம் போட்டீங்க?”

“உனக்காகவா? நல்லா கேட்ட போ!” என்றார். “வருசக்கணக்கா அந்தப் பொம்பளைங்க கூட்டத்துல உக்காந்திருந்தேன். அவளுவ இந்தியில பேசிச் சிரிப்பாளுவ. ஒண்ணும் வெளங்காம நானும் சிரிப்பேன். பேச ஒரு ஆளு கிடையாது. அவளுவ உன்னைய ஒதுக்கினதும் எனக்கு ஆளு கிடைச்சிட்டா. விட்டுருவனா?”

இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார் என்றே இவ்வளவு நாளும் கூனிக் குறுகியிருந்தேன். யாருக்குமே வேண்டாதவளாக நான் இருந்த நாட்களில் ஒருவருக்கு நான் தேவைப்பட்டிருக்கிறேன். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன்.

போன வாரம் அவர் வீட்டுக்கு மிஸஸ் கோலியும் பிம்லாவும் வந்திருந்தார்கள். உடலை எடுத்துப் போன பிறகு நாங்கள் மூவரும் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தோம். மிஸஸ் கோலி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: “இத்தனை வருஷம் எங்களிடம் தமிழில் பேசிக்கொண்டே இருந்தாரே, என்னதான் சொன்னார்?”

சொன்னேன். கணவர் போன நாளைப் பற்றி, டில்லிக் குளிரில் வலிக்கும் முழங்காலைப் பற்றி, மகனுக்குப் பெண் பார்த்ததைப் பற்றி, மிஸஸ் கோலி பின்னிய ஸ்வெட்டரின் பச்சை நிறம் அவருக்குப் பிடித்திருந்ததைப் பற்றி. இருட்டும்வரை சொன்னேன். இருவரும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள்.

கேட்டுவிட்டார்கள், அக்கா. கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நீங்கள் ஓய்வெடுங்கள்.