வரியின் மிச்சம்

சி என்ற கணினி மொழியில் கோப்பிலிருந்து வரிவரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸ் என்ற கட்டளைக்கு ஒரு விதி உண்டு. ஒதுக்கிய இடம் நிரம்பினால் அது பாதி வரியிலேயே நின்றுவிடும். படித்ததன் கடைசியில் வரி முடிந்ததற்கான குறி இல்லையென்றால், மிச்சத்தையும் படித்து முன்பாதியோடு சேர்க்க வேண்டும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மும்பை செம்பூரில் எங்கள் ரசாயனத் தொழிற்சாலைக்கு நிரல் எழுதிக்கொடுத்த ஐரோலி கம்பெனி மட்டும் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

ஓய்வுபெற்று மாதுங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். மகள் அனுப்பும் செய்தி கைபேசித் திரையில் பாதியில் நின்றால் இன்றும் மிச்சத்தைத் திறந்து படித்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன். பாயின் நினைவு.

பாய் தென்காசிப் பக்கத்துக்காரர், வீடு தாராவியில். தினமும் மாலையில் தொட்டிகளைச் சுற்றிப் பார்ப்பது அவர் வேலை. ஒவ்வொரு தொட்டியின் நிலையையும் ஷிஃப்ட் அதிகாரி கணினியில் ஒரே வரியாக எழுதுவார். அதில் ‘கசிவு’ என்றிருந்தால் நிரல் தொட்டி வளாகத்தின் வாசலில் சிவப்பு விளக்கைப் போடும்; யாரும் உள்ளே போகக் கூடாது. தொட்டி எண்ணில் தொடங்காத வரியைக் குப்பையென்று தள்ளிவிடும். எங்கள் அலுவலகத்திலோ, ‘தங்கள் மேலான கவனத்திற்கு மிகவும் பணிவுடன்’ என்ற ஊர்வலம் போன பிறகுதான் விஷயம் வரும்.

“என்ன சார், தீப்புடிச்சாலும் மொதல்ல சலாம் வச்சுட்டுத்தான் எழுதுவீயளோ?” என்று பாய் சிரிப்பார்.

“ஆபீஸ் வழக்கம், பாய்.”

“ஒங்க வழக்கம் முடியறதுக்குள்ள ஆளு முடிஞ்சிருவாம்லா!”

ஒருநாள் மாலை தற்செயலாக அந்தக் குறிப்புகள் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தேன். காலை ஷிஃப்டின் வரியில் தொட்டி எண், பிறகு பணிவு, பணிவு; கடைசியில் ‘வால்வில் கசிவு’. நிரல் அதை இரண்டாக வெட்டிப் படித்திருந்தது. முன்பாதியில் ‘கசிவு’ இல்லை. பின்பாதியில் எண் இல்லை. எழுதியவர் கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போயிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே, வாசலில் பச்சை விளக்கு. பாய் சுற்றுக்குப் போகும் நேரம். பாயை அழைத்தேன். மணி வாசலில் கைபேசி வைக்கும் பெட்டிக்குள்ளிருந்தே கேட்டது; கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாதென்ற விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. மூக்குக்குத் தெரியாத வாயு அது. முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினேன். தொட்டியடியில் களைத்து உட்கார்ந்தவர்போல் சாய்ந்திருந்தார். எத்தனை முறை கூப்பிட்டும் ‘சார்’ என்ற பதில் வரவில்லை.

ஐரோலிக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன், பணிவு எதுவும் இல்லாமல். “நிரல் தாங்கள் கோரியபடியே இயங்குகிறது. குறிப்புகளைச் சுருக்கமாக எழுதவும்” என்றது பதில். முழு வரி, எங்கும் வெட்டுப்படவில்லை. அது வந்து சேர்ந்தது, தாராவியில் பாய்க்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதிய அன்று.