பௌர்ணமி அன்று வைத்த விசாரணை

சின்னக்குட்டி, ஊரெல்லாம் உன்னைத் தனம் சிஸ்டர் என்றது. எனக்கு நீ கடைசிவரை சின்னக்குட்டிதான்.

அன்று காலை கீழ்பென்னாத்தூரில் எங்கள் வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். என் தங்கை சின்னக்குட்டியோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண் போன் செய்து, "அக்கா, உடனே பஸ் ஏறுங்க" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது, தங்கை வேலை பார்த்த வார்டிலேயே அவளை ஒரு கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டூட்டியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாளாம். கூட வேலை செய்த நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று அழுதீர்கள். அதனால் உங்களிடம்தான் இதைச் சொல்கிறேன்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். கிரேடுக்காக அவள் நடத்திய கேஸில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். முதலில் சில வருஷம் அவளைத் தொகுப்பூதியத்தில் வைத்திருந்தார்கள். பிறகு நிரந்தரம் ஆனாள். கிரேடு பிரித்தபோது அந்தப் பழைய வருஷங்களை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் கீழே போட்டுவிட்டார்கள். "அப்ப நான் பார்த்த பிரசவமெல்லாம் பிரசவம் இல்லையாக்கா?" என்று கேட்டாள். மேலதிகாரி ஆபீஸில் மேல்முறையீடு செய்தாள்.

லீவு கிடைக்கும்போதெல்லாம் அங்கே போய்க் கேட்பாள். அதிகாரி மாறிவிட்டார், புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பார்கள். ஒருமுறை பதில் சொல்லிக்கொண்டிருந்த கிளார்க்குக்கே சர்க்கரை கம்மியாகித் தலை சுற்றிவிட்டது. இவள்தான் தாங்கி உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். "தெளிஞ்சதும் அவரு சொன்ன மொத வார்த்தை, 'பரிசீலனையில இருக்கு சிஸ்டர்'னுதான்க்கா" என்று வீட்டுக்கு வந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஒருவழியாக விசாரணைக்கு நேரில் வரச் சொன்னார்கள். அது பௌர்ணமி. மலை சுற்ற வருகிற ஜனத்தில் மூச்சு வாங்குபவர், மயங்கியவர், காலில் கொப்புளம் கண்டவர் என்று வார்டு நிறைந்துவிடும். அன்றைக்கு நீங்கள் யாரும் லீவு கேட்பதில்லை என்று உங்களுக்கே தெரியும். வேறு நாள் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை. அவளும் போகவில்லை. ஆள் வரவில்லை என்று கேஸை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"நீ ஒருத்தி இல்லன்னா ஆஸ்பத்திரியையே மூடிடுவாங்களா? போயிட்டு வர்றதுதானேடி" என்று திட்டினேன்.

"பௌர்ணமிக்கு லீவு போட்டுட்டு, நான் நல்ல நர்ஸுன்னு அங்க போய் எப்படிக்கா சொல்றது?" என்றாள்.

மறுபடி கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். காத்திருந்தபடியே போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் போன் அடித்தது. என்னிடம்தான் இருந்தது. விசாரணைக்குத் தேதி போட்டாகிவிட்டது, இந்த முறை சிஸ்டர் கட்டாயம் வரவேண்டும் என்றார் ஒருவர். "என் தங்கச்சி இல்லீங்க" என்றேன். அவர் மெதுவாக, வாரிசு யாராவது வந்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் முடித்துவிடுவோம் என்றார்.

கல்யாணம் செய்துகொள்ளாதவள் அவள். நான் ஒருத்திதான் வாரிசு. உங்களில் பலருக்கும் அதே மாதிரி வருஷங்கள் போயிருப்பதால், இதில் ஜெயித்தால் உங்களுக்கும் வழி திறக்கும் என்று போகச் சொல்கிறீர்கள். போகிறேன்.

யாரிடம் பேசினாலும் முதலில் அவர்கள் கையைத் தொடுவாள். இப்போது எனக்கும் அது வந்துவிட்டது. அவளிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான்.

சின்னக்குட்டி, விசாரணையில் உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டால் நான் எழுந்திருக்கட்டுமாடி?