டிக் போட்டீங்களா?

விளாங்குடியில் பாண்டிமீனாவைத் தேடி வருகிறவர்கள் பிரின்டருக்காகத்தான் வருவார்கள். அவள் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவள் என்பது தெருவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிற இன்னொரு வேலை தெருவுக்குத் தெரியாது. புருஷன் சிவபாண்டிக்குத் தெரியும், புரியாது.

இணைய உலாவிக்கும் மின்னஞ்சல் செயலிக்கும் கூடுதல் வசதி தரும் சின்னச் சின்ன நிரல்கள் உண்டு. நீட்சிகள் என்பார்கள். எங்கோ யாரோ எழுதியதை எடுத்து, சரிபார்த்து, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் கம்ப்யூட்டர்களில் சிக்கலில்லாமல் இறங்கும்படி கட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும். ஆறு நீட்சிகளுக்கு அந்த ஆள் பாண்டிமீனா. ஒன்பது வருடமாகச் சம்பளமில்லாமல் செய்கிறாள். நன்றி சொல்லி வந்த கடிதங்கள் நான்கு. இன்னும் ஏன் சரியாகவில்லை என்று வந்தவற்றை எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்குறானுங்க. நீயும் வாயத் தொறந்து காட்டிக்கிட்டே இருக்க" என்பான் சிவபாண்டி.

ஆறில் அதிகம் படுத்துவது ஒன்று. ஒரே கடிதத்தைப் பலருக்கு அனுப்பும்போது, ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாமல் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் நீட்சி. கடிதம் எழுதும் ஜன்னலின் மேலே ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் போதும்.

மின்னஞ்சல் செயலி வருடத்துக்கு ஒரு முறை புதிதாக வரும். உள்ளே எதையாவது இடித்துக் கட்டியிருப்பார்கள். நீட்சியிலோ, இத்தனையாவது பதிப்பு வரைக்கும்தான் ஓடுவேன் என்று ஒரு எண் எழுதியிருக்கும். செயலி அதைத் தாண்டினால் நீட்சி படுத்துக்கொள்ளும். சரிசெய்ய வேண்டியவர் அதை எழுதியவர். அவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூடப் பாண்டிமீனாவுக்குத் தெரியாது. பதினொரு கடிதம் போட்டாள். பதினான்கு மாதமாகக் கிணற்றில் போட்ட கல்.

அந்த மாதிரி நேரத்தில் வேறெதையும் தொடாமல் எண்ணை மட்டும் ஏற்றிவிடுவது இந்த வேலை பார்க்கிறவர்களின் பழக்கம். பத்துக்கு எட்டு தடவை ஓடிவிடும்.

மாசி சிவராத்திரி அன்று அவளும் அதைத்தான் செய்தாள். 115 என்றிருந்ததை 128 ஆக்கினாள். எழுமலைக்குக் குலசாமி கும்பிடப் போக வேன் வாசலில் நின்றது. நீட்சி இறங்கியது. கட்டம் தெரிந்தது. டிக் விழுந்தது.

"மீனா, வேன்காரன் வையிறான்!"

"வாரேன், வாரேன்."

நீட்சியை லினக்ஸ்காரர்களுக்கு அனுப்பிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினாள்.

இப்போது ஆனி மாதம். செயலி 140க்கு வந்துவிட்டது. லினக்ஸின் அடுத்த வெளியீட்டுக்கு இன்னும் ஐந்து நாளில் கதவடைப்பு; அதற்குப் பிறகு எதையும் சேர்க்க முடியாது. இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று காலையிலேயே உட்கார்ந்தாள். எண்ணை ஏற்றி, டிக் போட்டு, தன்னுடைய இரண்டு முகவரிகளுக்கு ஒரு கடிதம் அனுப்பினாள். வந்த கடிதத்தில் இரண்டு முகவரிகளும் சேர்ந்தே இருந்தன. மறுபடி அனுப்பினாள். அப்படியேதான்.

பீரோ மேலிருந்த பழைய மடிக்கணினியில் 128 இருந்தது. தூசி தட்டி எடுத்து அதிலும் அனுப்பிப் பார்த்தாள். அதிலும் சேர்ந்தே வந்தது.

ஆக, சிவராத்திரியிலிருந்து டிக் மட்டும் விழுந்துகொண்டிருக்கிறது. வேலை நடக்கவில்லை.

அசோக்குமார், என்று நினைத்தாள்.

கோச்சடையில் ஒரு ரத்த தானக் குழு இருக்கிறது. கொடுப்பவர்கள் முந்நூற்று நாற்பது பேர். அந்தப் பட்டியலை வைத்திருக்கிறவன் அசோக்குமார். குழுவின் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸும் இந்த நீட்சியும் போட்டுக் கொடுத்தவள் பாண்டிமீனா. அவள் புதிதாக அனுப்புவது அங்கே தானாகவே இறங்கிக்கொள்ளும். பங்குனியில் முகாமுக்கு அழைத்து அவன் அனுப்பிய கடிதத்தில் முந்நூற்று நாற்பது முகவரிகளும் எல்லாருக்கும் போய்விட்டன. அதிலிருந்து எவனோ ஒருவன் சுபலட்சுமி என்ற பெண்ணுக்குத் தினமும் எழுத ஆரம்பித்தான். அவள் ஓ நெகட்டிவ். கூப்பிட்டால் வேலையைப் போட்டுவிட்டு வருகிறவள். பட்டியலிலிருந்து தன் பெயரை அடித்துவிடச் சொல்லிவிட்டாள்.

அன்று அசோக்குமார் பதறிப்போய் போன் செய்தான். பாண்டிமீனா கேட்ட முதல் கேள்வி, லேபில் நாளுக்கு இருபது தடவை கேட்கிற கேள்வி.

"டிக் போட்டீங்களா?"

"போட்டேன்னுதான் நெனைக்கிறேன்க்கா."

"நெனைக்கிறீங்களா, போட்டீங்களா?"

"மறந்துருப்பேன் போலக்கா" என்றான்.

முந்தாநாள் மறுபடி போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம், பட்டியலை வேறு ஆளிடம் கொடுக்கப்போகிறார்கள், புதிதாக வருகிறவருக்கு அவள் வந்து ஒருதரம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றான்.

இன்று அந்த ஞாயிறு, மணி பத்தேகால். பிழைகளைப் பதியும் பக்கத்தைத் திறந்து, தன்னுடைய நீட்சியின் மேல் தானே புகார் எழுதினாள். முகவரிகளை வெளியே விடுகிறது. சோதிக்காமல் அனுப்பியது நான். 128, 140 இரண்டிலிருந்தும் எடுத்துவிடவும்.

சிவபாண்டி பின்னால் நின்று பார்த்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போவுது? அதான் அந்தப் பையனே ஒத்துக்கிட்டான்ல."

"வண்டிச் சாவிய எங்க வச்சீங்க?"

கூட்டம் ஒரு தையல் கடையின் மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழு பேர். தலைவர் நல்லகாமன், ஓய்வுபெற்ற கண்டக்டர். அசோக்குமார் பட்டியல் இருந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். பாண்டிமீனா நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"அப்ப இது கம்ப்யூட்டர் தப்பாம்மா?" என்றார் நல்லகாமன்.

"என் தப்புண்ணே. அனுப்பிப் பாக்காம விட்டுட்டேன். மூணு நிமிச வேல."

"அம்புட்டுப் படிச்ச புள்ள, நீயுமா?" அவர் அசோக்குமார் பக்கம் திரும்பினார். "சரிப்பா, நோட்டு உன்கிட்டயே இருக்கட்டும்."

"முந்நூத்து முப்பத்தொம்பது பேருண்ணே இப்ப" என்றான் அசோக்குமார். பிறகு பாண்டிமீனாவைப் பார்த்தான். "மூணு மாசம்க்கா. சோத்துல கைய வச்சா அந்தக் கட்டம்தான் நிக்கிது. போட்டேனா, போடலயா. நான் போட்டேன்க்கா. அன்னைக்கு எனக்கு நல்லாத் தெரியும். நீங்க கேட்ட கேள்வியிலதான் மறந்துபோச்சு."

கீழே தையல் மெஷின் ஓடி நின்றது.

"சுபலட்சுமி நம்பர் குடுங்க. நானே பேசுறேன்" என்றாள் பாண்டிமீனா.

"தர முடியாதுக்கா. யாருக்கும் தர மாட்டேன்னு எழுதிக் குடுத்துருக்கேன்." நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து நீட்டினான். "எழுதித் தாங்க. நேர்ல கொண்டுபோய்க் குடுக்குறேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது கைபேசி அதிர்ந்தது. புகாருக்கு முதல் பதில் வந்திருந்தது. பெயர் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: எண்ணை மட்டும் ஏற்றினால் ஓடுமே, எதற்காக எடுக்கச் சொல்கிறீர்கள்?

பாண்டிமீனா கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அசோக்குமாரிடம் பேனா கேட்டாள்.